அட்டைப்படத்தில் வராத முகம்

நாஞ்சில்நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கோட்டாற்றில் ஓர் அச்சகத்தில் நான் ஓவியன். அங்கே அச்சான சங்கீத மாத இதழின் அட்டைக்காக ஒரு தவில்காரரை உட்கார வைத்து வரைந்தேன். அம்மைத் தழும்பு நிறைந்த முகம் அவருக்கு. இரண்டு நாள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

படத்தைப் பார்த்த பத்திராதிபர், "தவில் வாசிக்கிற கை பிரமாதம். ஆனா இந்த மூஞ்சிய அட்டையில போட்டா எவன் வாங்குவான்?" என்றார். நான் அந்த முகத்தை அழித்துவிட்டு அழகான வேறொரு முகத்தை வரைந்தேன்.

இதழ் வந்த அன்று தவில்காரர் மனைவியோடு அச்சகத்துக்கு வந்தார். அந்த அம்மாள் பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கை இவியளுக்கதுதான். மொகம் ஆருக்கது மக்கா?"

தவில்காரர்தான், "படம் நல்லாத்தான் இருக்கு. வா, போவோம்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு படியிறங்கினார். இதழை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

பத்திராதிபர் பிடிவாதக்காரர் அல்ல. முடியாது என்று நான் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். மன்னிப்புக் கேட்கப் போகவும் எனக்குத் துணிவு வரவில்லை. இன்று போனால், அந்த வீட்டில் அதைக் கேட்க இருவருமே உயிரோடு இல்லை.