தாட்சாயினி ஏசிய அரை நிமிடம்

தாட்சாயினியை அந்த இத்தாலியப் படத்தில் மாட்டிவிட்டவள் நான்தான். அவள் பட்ட பயத்தில் பாதி எனக்கும் வந்திருக்கவேண்டும். வந்தது.

நாங்கள் இருவரும் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறோம். மொன்றியலில் காதல் நகைச்சுவைப் படம் எடுக்க வந்த இத்தாலியர்கள், தெற்காசியப் பெண் ஒருத்தி தேவை என்று அறிவித்திருந்தார்கள். படத்தில் எல்லா நிறத்தவரும் இருக்கவேண்டுமாம். நம்பி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் தரை துடைக்கும் மொப்பைக் கொடுத்தார்கள். கதாநாயகி, அவளுடைய தங்கை, தோழி எல்லோரும் வெள்ளை. அவர்கள் காதலிப்பார்கள், அழுவார்கள், ரயிலைத் தவறவிடுவார்கள். எங்கள் நிறத்துக்கு ஈரத்தரை. கதாநாயகன் அதில் வழுக்கி விழ, இவள் ஏசவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சிரித்தாள்.

என்ன சொல்லி ஏசுவது என்று கேட்டாள். அவளுக்கென்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"உங்கள் மொழியில் எதையாவது சொல்லுங்கள். யாருக்கு விளங்கப்போகிறது?" என்றார் இயக்குநர்.

அவளும் அதை அப்படியே நம்பிவிட்டாள். விழுந்து கிடந்தவனைப் பார்த்துச் சொன்னாள்:

"கொண்ணர் வீட்டிலை இனி ஒரு சாப்பாட்டுக் கோப்பையும் கழுவமாட்டன். ஒன்பது வருசமா ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கழுவியாச்சு. கனடாவுக்கு எடுத்தவர் எண்டதுக்காக என்னை அவரின்ரை குசினிக்கு எழுதிக் குடுத்தனீங்களோ? ஒருநாளாவது எழும்பி வந்து பாத்தனீங்களோ?"

இயக்குநர் கைதட்டினார். அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் விளங்கியது. அது அவளுடைய கணவன் ரதீசனுக்குச் சொல்லவேண்டியது. 'கொண்ணர்' என்றது அவனுடைய தமையன் பேரின்பநாதனை. இவர்களை ஸ்பொன்சர் செய்து எடுத்தவர் அவர். இல்-பிசார் தீவில் பெரிய வீடு, ஞாயிறு தோறும் பதினைந்து பேருக்குச் சாப்பாடு. கோப்பை கழுவும் மெஷின் ஒன்றும் உண்டு. அதற்குள் வெங்காயம் வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் படம் வந்தது. பேரின்பநாதன் பெருமையோடு முழுக் குடும்பத்துக்கும் டிக்கெட் எடுத்தார். தாட்சாயினி ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் என் கையைப் பிடித்தாள்.

"எங்கடை ஆக்கள் பாப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை, அக்கா."

"வெட்டியிருப்பாங்கள்."

"வெட்டாட்டி? இவர் அண்ணைக்கு முன்னாலை நிமிந்தும் கதைச்சதில்லை. இனி என்ரை முகத்திலை முழிக்கமாட்டார்."

அந்தக் கிழமை முழுக்க அவள் சோறு தின்னவில்லை. வருத்தம், காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிற்கலாமா, தியேட்டருக்குத் தொலைபேசி எடுத்துக் காட்சியை நிறுத்தலாமா என்றுகூடக் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரே வரிசையில் இருந்தோம். ஈரத்தரை திரையில் தெரிந்ததும் அவளுடைய நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. வெட்டவில்லை. ஒரு சொல்கூட வெட்டவில்லை. கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது: 'ஓடு மடையா, அவள் உனக்காகக் காத்திருக்கிறாள்.' தாட்சாயினியின் ஒன்பது வருடமும் கதாநாயகனுடைய காதலுக்கே போனது. தியேட்டர் சிரித்தது. எங்கள் வரிசைக்குத் தமிழ் விளங்கியது. ரதீசன் சோளப்பொரி தின்பதை நிறுத்தினான்.

வெளியே வந்து பேரின்பநாதன், "நாளைக்கு வழமைபோலை வாங்கோ," என்றார். அவ்வளவுதான்.

மிச்சத்தைத் திங்கட்கிழமை மெற்றோவில் அவள் சொன்னாள். ஞாயிறன்று இல்-பிசாரில் மேசை நிறையக் கடதாசிக் கோப்பைகள். பேரின்பநாதனின் மனைவி இந்திராதேவி அக்கா முகம் பாராமல் சோறு போட்டாராம். தண்டனையா, மன்னிப்பா என்று இவளுக்கு விளங்கவில்லை. மேசைக்குக் கீழே கைகளைத் தொடைக்கிடையில் அமத்தி வைத்திருந்தாளாம்.

அப்போது ரதீசன் எழும்பினான். தன் கோப்பையையே எடுத்தறியாதவன், அவளுடையதையும் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டான். சட்டிகள் கடதாசி இல்லையே. சேட்டுக் கையை மடித்துவிட்டு, அடிப்பிடித்த இறைச்சிச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினான்.

"அண்ணை அவரையே பாத்துக்கொண்டு இருந்தவர்," என்றாள் தாட்சாயினி. "நான் பக்கத்திலை போய் நிண்டன். இவர், 'நீர் போய் இரும்' எண்டவர், அக்கா. அண்ணைக்குக் கேக்க."