கேமராவின் மேல் ஒரு பூச்சட்டி லேபிள்

குருவம்மாள் கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் செய்கிற முதல் வேலை, வந்திருக்கும் பெண்களை முகம் கழுவ அனுப்புவதுதான். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் ஆமத்தூரில் கம்ப்யூட்டர் வழியே வைத்தியம் பார்க்கும் அந்த அறை திறந்த புதிதில், டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போவதுபோலவே வந்தார்கள். குளித்து, மஞ்சள் பூசி, பவுடர் அப்பி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கேமராவுக்கு எதிரே விறைப்பாக உட்காருவார்கள். விருதுநகரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் இருந்தபடி அவர்களைத் திரையில் பார்க்கும் டாக்டர் லட்சுமிகாந்தம் நெற்றியில் கை வைத்துக்கொள்வார்.

"குருவம்மா, இவங்களுக்கு மஞ்சள் காமாலையா, மஞ்சள் பூச்சா?"

"பூச்சுதான் டாக்டரம்மா. இந்தா, களுவிக் கூட்டியாரேன்."

அதற்கென்றே வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு முகத்தோடு கையும் கழுவ வேண்டும். அலுமினியத் தூள் ஏறிய விரல் நகத்தைப் பார்த்து யாரும் ரத்தசோகை கண்டுபிடிக்க முடியாது.

குருவம்மாளும் அந்தத் தூளில் கிடந்தவள்தான். பாதி வயது வரை பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்தினாள். தங்கை ஒரு விபத்தில் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அழுகிற கூட்டத்துக்கு நடுவே அழாமல் கரண்டியால் நீர் புகட்டிக்கொண்டிருந்தாள். தங்கை பிழைத்தாள். அந்தக் கையைக் கவனித்து வைத்திருந்த நர்ஸ்கள் பிற்பாடு ஆள் தேவைப்பட்டபோது அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்க, சர்க்கரை பார்க்க, கட்டுப் போட, கடைசியாகக் கம்ப்யூட்டரைத் திறந்து மூடப் பழகினாள். எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு அந்தக் கடவுச்சொல் பிடிபடவில்லை. ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி கம்ப்யூட்டரின் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டாள்.

அறை முன்பு விதைக் கிடங்காக இருந்தது. மழை நாளில் பருத்திக்கொட்டை வாசம் கிளம்பும். ஒயர் எட்டிய இடத்தில் மேசையைப் போட்டதால் திரை ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஊருக்கு அது 'டாக்டர் டிவி'. சும்மா இருப்பவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த மாரிசாமி எல்லாரையும்விடக் கவனமாகப் பார்ப்பார். யாருக்குச் சர்க்கரை கூடியதோ அவருக்கு மறுநாள் கேட்காமலே சீனி இல்லாத டீ வரும். அதை ஒரு உபகாரமாகவே அவர் நினைத்தார். குருவம்மாளுக்கும் அப்போது அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சீசனில் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து இசைவாணி வந்தாள். குருவம்மாளின் ஒன்றுவிட்ட தம்பி முனியராஜின் மனைவி. வீட்டில் உட்கார்ந்து பட்டாசு டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறவள்.

"மதினி, தோள்வலிக்கு ஏதாச்சும் களிம்பு குடுங்க."

சொல்லிக்கொண்டே இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குருவம்மாள் களிம்பை எடுக்கவில்லை.

"வலி தோள்லதானா?"

இசைவாணி வாசலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னாள். மாரில் ஒரு கட்டி. பங்குனிப் பொங்கலுக்குத் தட்டுப்பட்டது. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

"அடி பாவி, அம்புட்டு நாளாவா! நாளைக்குக் காலைல வா. டாக்டரம்மாகிட்டப் பேசு. அவுக சொல்லி அனுப்பினா அங்கன அன்னைக்கே டெஸ்ட் எடுத்துருவாக. நேராப் போனா வரிசையில நின்னுட்டு ராவுக்குப் பஸ் பிடிக்க வேண்டியதுதான்."

"அந்த கேமராவுக்கு முன்னாடியா? மாட்டேன் மதினி."

"பொம்பளை டாக்டர்தானத்தா!"

"டாக்டரச் சொல்லல. படத்தச் சொல்றேன்." இசைவாணி குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரு வேலை பாக்குற பிரஸ்ஸுக்குப் போன வருசம் சிடியில ஒரு பொம்பளை படம் வந்துச்சு. ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மூஞ்சி லட்சணமா இருக்குன்னு கம்பி மத்தாப்பு டப்பாவுல போட்டுட்டாக. மூட்டை மூட்டையா நாந்தான் ஒட்டினேன். அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா, அவ மூஞ்சி என் பசைச் சட்டிக்குள்ள கெடக்குன்னு? கேமராவுல சிக்குன படம் கடைசியில எங்கன வந்து சேரும்னு எனக்குத் தெரியும் மதினி."

திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ் ஓட்டுகிறவன் மனைவி அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அச்சகங்கள் மலிந்த அந்த வட்டாரத்தில் எந்தப் படமும் தாளில் ஏறாமல் நிற்பதில்லை.

"ஆஸ்பத்திரியில அதெல்லாம் பூட்டி வச்சிருப்பாக."

"எதைப் பூட்டி?" இசைவாணி கம்ப்யூட்டரின் நெற்றியைக் காட்டினாள். "சாவிய ஒட்டியில்ல வச்சிருக்கீக. அதை அடிச்சாத் தெறக்கும்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியும்."

களிம்பும் வாங்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குருவம்மாள் ஆள் பெயரைச் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டாள்: இங்கே எடுக்கிற படம் எங்கே போகிறது?

"பேசுறது அப்படியே போயிடும், எங்கேயும் தங்காது. போட்டோ எடுத்தா மட்டும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்கும். பாஸ்வேர்டு தெரிஞ்சவங்கதான் பார்க்க முடியும்."

"ஆருக்கெல்லாம் தெரியும் டாக்டரம்மா?"

"எனக்கும் உங்களுக்கும்தானே?"

குருவம்மாள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மாரிசாமி கம்பியில் முழங்கையை ஊன்றி, தன் கடை டீயைத் தானே குடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் தாளைக் கிழித்தாள். போனில் டாக்டர் எழுத்தெழுத்தாகச் சொல்லித்தரக் கடவுச்சொல்லை மாற்றினாள். புருஷன் ஒச்சப்பனை விட்டுச் சுவரில் ஓட்டை போட்டு, ஒயரை வேறு வழியாக இழுத்து மேசையைத் திருப்பினாள். ஜன்னலுக்குத் தன் பழைய சேலையை இரண்டாக மடித்துக் கட்டினாள்.

"என்ன தாயி, டிவிய மூடிட்டீக?" என்றார் மாரிசாமி.

"உமக்குக் கடை இருக்கு, அதப் பாரும்."

"ஆருக்குச் சீனி போடலாம், ஆருக்குப் போடக் கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுப் போடும்."

ஒச்சப்பனுக்கு வேறு குறை. "அந்தச் சொல்ல எனக்காவது சொல்லு. நாளைக்கு நீ மறந்துட்டன்னா?"

"மறந்தா விருதுநகர்ல கேட்டுக்கிடுவேன். தெரிஞ்ச ஆளுக கணக்குல உம்ம பேரு இல்ல, அம்புட்டுத்தான்."

"அது தெரிஞ்சதுதானே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு இசைவாணி வீட்டுக்குப் போய்ச் செய்ததையெல்லாம் சொன்னாள். அவள் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டாள். "எல்லாம் சரி மதினி. அந்த கேமராக் கண்ணு தெறந்துதானே இருக்கு?"

குருவம்மாள் பசை தடவிக் கிடந்த லேபிள்களில் ஒன்றை விரலால் எடுத்தாள். பொறி சிதறுகிற பூச்சட்டிப் படம் போட்டது. "இத அது மேல ஒட்டிட்டா?"

இசைவாணியின் கை அப்போதுதான் நின்றது.

மறுநாள் காலை அறைக்கு வந்து, இசைவாணி தன் கையாலேயே ஒட்டினாள். கேமராக் குமிழின் மேல் மடிப்பு விழாமல் நான்கு பக்கமும் நீவிவிட்டாள். திரையில் டாக்டரின் முகம் தெரிந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"குருவம்மா? இங்க இருட்டா இருக்கே."

"இருட்டாத்தான் இருக்கணும் டாக்டரம்மா. அவ பேசுவா, நான் தொட்டுப் பாத்துச் சொல்லுதேன். நீங்க கேளுங்க."

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, "சரி" என்றார்.

குருவம்மாள் இசைவாணியைப் பெஞ்சில் படுக்கவைத்து, கையைத் தலைக்குக் கீழே கொடுக்கச் சொன்னாள். மூன்று விரல்களையும் தட்டையாக வைத்து, டாக்டர் சொல்லச் சொல்லச் சுற்றி அழுத்தினாள். "கெட்டியா இருக்கு. வறுத்த கொண்டக்கடலை கணக்கா. நகரல. அக்குள்ள ஒண்ணும் தட்டுப்படல."

"வலிக்குதாம்மா?"

"வலிச்சா அப்பவே வந்திருப்பேனே" என்றாள் இசைவாணி, கூரையைப் பார்த்தபடி.

"வலிக்காத கட்டியத்தான் நான் பார்க்கணும். ஒயர் வழியாப் பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்ல இது. நேர்ல வாங்க. குருவம்மாவோட வாங்க. நானே இருப்பேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார்கள். டெஸ்ட் முடிவு வருவதற்குள் முனியராஜுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் முதலில் கோபப்பட்டான், பிறகு அழுதான். குருவம்மாள் அவனை அழவிட்டு, அழுது முடித்ததும் லீவு சொல்ல பிரஸ்ஸுக்கு அனுப்பினாள். முடிவு வந்தது: கெட்ட கட்டிதான். ஆனால் பரவவில்லை. அறுத்து எடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டில் லேபிள் ஒட்ட ஆள் இல்லாததால் ஆர்டரைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். வேறு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன. காற்றடித்தால் லைன் போகும். டாக்டரின் வாய் முன்னால் அசையும், சத்தம் பின்னால் வரும். சேலைக்கு இந்தப் பக்கம் பெண்கள், ஜன்னல் திறந்திருந்தபோது சொல்லாத வியாதிகளையெல்லாம் மெல்லச் சொன்னார்கள். லேபிளை எடுக்கவா வேண்டாமா என்பதை வந்தவர்தான் சொல்ல வேண்டும் என்று குருவம்மாள் வைத்திருந்தாள். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். டாக்டரும் முகம் தெரியாத குரல்களுக்குப் பழகிவிட்டார்.

அந்தத் தீபாவளி கழிந்து தை பிறந்ததும் இசைவாணி அந்த அறைக்கு வந்தாள். தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கேமராவிலேயே பார்க்க முடிந்தால் விருதுநகர் வரை அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் உடனே உட்காரவில்லை. சேலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மாரிசாமி கடையில்தான் இருந்தார். கம்ப்யூட்டரின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பழைய தாளின் பசை மட்டும் சொரசொரவென்று இருந்தது.

"புதுச் சொல்ல ஒங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டீகளா மதினி?"

"இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

இசைவாணி சிரித்தாள். லேபிளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கிழியாமல் ஒரே இழுப்பில் உரித்தாள். பசைப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள்.

"இப்பத் தெரியுதா டாக்டரம்மா?"

"நல்லாத் தெரியுது. நல்லா ஆறியிருக்கு."

"அப்ப சரி" என்று ஊக்கை மாட்டிக்கொண்டு, லேபிளை எடுத்து எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினாள். நான்கு பக்கமும் நீவிவிட்டாள்.