என் கம்ப்யூட்டருக்கு இரண்டு தீர்ப்பு

என் பழைய கேமிங் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நடுவே நின்றுபோகிறது. சரி செய்வதா, புதுசு வாங்குவதா என்று கேட்க இன்று விஜயநகரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மைசூரில் கடைப்படி ஏறினாலே வாய் தானாகக் கன்னடத்துக்கு மாறிவிடும். கடைக்காரரும் திறந்து பார்த்துவிட்டுக் கன்னடத்தில் உதட்டைப் பிதுக்கினார். "கதெ முகீத்து சார்."

கதை முடிந்ததாம். கிராபிக்ஸ் கார்டு உட்பட எல்லாமே போய்விட்டதாம். புதுசுதான் வாங்கணுமாம். பழையதை அவரே குப்பையில் போட்டுவிடுவாராம்.

குப்பைக்குப் போகிற கார்டை எதற்கு இவ்வளவு பதமாகத் துடைக்கிறார்?

அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. எடுத்ததும் எல்லைப்புறத்துக் கொள்ளேகால் தமிழ் கொட்டியது. "மச்சான், நீ கேட்ட கார்டு ஒண்ணு வந்திருக்குது. ஜம்முனு இருக்குது. சாயந்திரம் வா."

அவர் போனை வைத்ததும் தமிழில் கேட்டேன். "அண்ணா, அது என்னோட கார்டுதானே?"

மனிதர் துளிகூட அசரவில்லை.

"அட, நம்மாளுங்களா நீங்க! மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? கார்டுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரேம் ஒண்ணு சேர்த்துட்டாப் போதும்."

கன்னடத்தில் செத்த கம்ப்யூட்டர் தமிழில் பிழைத்துவிட்டது. கார்டோடு கம்ப்யூட்டரை, பாகங்களை எண்ணிப் பார்க்காத குறையாக வாங்கிக்கொண்டு வீடு வந்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள். அந்த ரேமை நம்பி வாங்கலாமா, இல்லை இந்தியிலும் ஒரு கடையில் கேட்டுவிடவா?