முதல் சேதி யாருக்கு

நாக்கு நுனியில் ஒரு சேதி குதித்துக்கொண்டிருக்க, ஆளுயரக் கண்ணாடியைத் தூக்குவது லேசுப்பட்ட காரியமா? கடைகளுக்குக் கண்ணாடி மாட்டுகிற கண்ணாடிக்காரிக்கு அன்றைக்கு அந்தப் பாடுதான். காலையில் முதலாளி கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நீதான் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டார். கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. ஆனாலும் சுதாரித்துக்கொண்டு, "சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க முதலாளி" என்று கெஞ்சிவிட்டு வந்தாள்.

முன்னேயென்றால் நேராக ஓடிப்போய் நெட்டையிடம் கொட்டியிருப்பாள். கண்ணாடிக்கு ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவன் என்று வருஷக்கணக்காகச் சேர்ந்து தூக்குகிற சிநேகிதன். கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதுதான் போன மாசம் வினையாக வந்தது.

அவள் புருஷன் பஸ் டிரைவர். லீவு நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். அவள் லைசென்ஸ் வாங்கின அன்று நெட்டைக்கு முதலில் தெரிந்துவிட்டது. அந்தப் புண்ணியவான் வழியில் டிரைவரைப் பார்த்து, "விருந்து எப்போண்ணே?" என்று கேட்டு வைத்தான். எதுக்கு விருந்து என்றே தெரியாமல் டிரைவர் பேந்தப் பேந்த விழித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. "அவன்கூடப் பேசு, சிரி, நான் குறுக்கே நிக்கமாட்டேன். ஆனா நம்ம வீட்டுச் சேதிக்கு என்னைக் கடைசிப் பந்தியில உக்கார வச்சிடாதே" என்றார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

இப்போது செருப்புக் கடை வாசலில், முகப்புக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் இருவர். வண்டி ஓட்டும்போது டிரைவர் போனை எடுக்கமாட்டார். இவளுக்கோ தாங்கவில்லை. ஒரே கண்ணாடியை ரெண்டு பேர் பிடித்தால் ஒருத்தர் கை பதறுவது மற்றவர் கைக்குத் தெரிந்துவிடும்.

"உன் பக்கம் துள்ளுது. என்ன சேதி?" என்றான் நெட்டை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் குதி? சொல்லு."

"வீட்டுல இன்னும் சொல்லலடா."

நெட்டை கண்ணாடியைச் சட்டத்தில் பதமாக உட்கார வைத்தான். "அப்ப வாயைத் திறக்காதே. போன தடவை நான் கெடுத்தது போதும். அவர் பஸ் இப்ப எங்க இருக்கும்?"

"கடைசி ஸ்டாப்புக்கு வர்ற நேரம்."

"வேலையை முடி. வேன்ல ஏறு."

வழியெல்லாம் அவளைப் பேச்சுக்கொடுத்துச் சிரிக்க வைத்தானே தவிர, சேதியைக் கிண்டவில்லை. ஸ்டாப்பில் டிரைவர் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்க ஓடினாள்.

"என்னங்க, என்னை மேஸ்திரி ஆக்கிட்டாங்க."

அவருக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், புரையினாலா சந்தோஷத்தினாலா என்று அவள் கேட்கவில்லை.

"நெட்டைக்குத் தெரியுமா?"

"தெரியாது. வேன்ல உக்காந்திருக்கான். பாவம், தலை வெடிச்சிடும் அவனுக்கு."

டிரைவர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். வேன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "விருந்து எப்போன்னு கேட்டியே தம்பி? ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுல" என்றார்.

"எதுக்குண்ணே?"

இந்தத் தடவை பேந்தப் பேந்த விழித்தவன் நெட்டை. டிரைவர் ஒரு நிமிஷம் அந்த முழியை ஆசை தீரப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் சேதியைச் சொன்னார்.