வேலை போன மறுநாள் வந்தவர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கவிருந்த சமயத்தில், காஞ்சிபுரத்தில் நடந்தது இது. சென்னை வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு, காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஊர் ஓரிக்கைக்கே வந்துவிட்ட எனக்கு, சொந்தப் பொறுப்பில் கிடைத்த முதல் வேலை அது.

பல கிளைகள் கொண்ட பட்டுச்சேலைக் கடை. எந்தக் கிளையில் எந்த நிறம், எந்தக் கரை போகிறது என்பதை முதலாளி ஒரே திரையில் பார்க்க வேண்டும். அதற்காக ஓப்பன் சோர்ஸ் டேட்டா வேர்ஹவுஸ் ஒன்றை நிறுவித் தருவதாகச் சொல்லியிருந்தேன். எல்லாக் கிளைகளின் விற்பனை விவரங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, கேட்ட கேள்விக்கு வரைபடமாகப் பதில் காட்டும் மென்பொருள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதை சர்வரில் ஏற்றி ஓடவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. முதலில் மெமரி போதவில்லை என்று நின்றது. அதைச் சரிசெய்தால் வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்றது.

அதுவரை இந்த வேலையைக் கையால் செய்துவந்தவர் அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். திருமுக்கூடல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கிளைகள் அனுப்பும் விவரங்களை எக்செல்லில் சேர்த்து, மதியத்துக்குள் முதலாளியின் மேஜையில் வைப்பார். ஒரே சேலையை ஒரு கிளை மாம்பழக் கலர் என்று எழுதும். இன்னொன்று மஸ்டர்ட் என்று எழுதும். மென்பொருளுக்கு அவை இரண்டு சேலைகள். அந்தப் பெயர்களையெல்லாம் நானும் அவரும் உட்கார்ந்து பொருத்தினோம். மிச்சத்தை அவர் வீட்டில், தம்பியின் லேப்டாப்பில் முடித்துக்கொண்டு வருவார். நான் கொண்டுவருவது அவர் இடத்துக்கான மாற்று என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், கிளை மேனேஜர்களை முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பாடு முடிந்ததும் திரையில் காட்ட வேண்டும். அன்று காலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. யு.பி.எஸ். கைவிட்டது. சர்வர் எழுந்திருக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் போயிருந்தது. பேக்கப்புக்காகச் செருகி வைத்திருந்த டிஸ்க்கும் சேர்ந்து போயிருந்தது.

முதலாளி குரலை உயர்த்தவில்லை. "மேனேஜருங்கல்லாம் வந்துக்கினு இருக்காங்கமா. இன்னிக்கு ஓடலன்னா இது வேணாம், விட்டுடலாம்" என்றார்.

மென்பொருளை இன்னொரு கணினியில் ஏற்றிவிடலாம். அத்தனை தடவை தடுக்கி விழுந்ததில் வழி மனப்பாடமாகியிருந்தது. விற்பனை விவரங்களையும் கிளைகளிலிருந்து மறுபடி எடுத்துவிடலாம். பொருத்திவைத்த பெயர்கள் மட்டும் என்னிடம் இல்லை. அந்தப் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது. லீவு போலிருக்கிறது என்று நினைத்து போன் செய்தேன்.

டிஸ்க் போனதைச் சொன்னேன். "தம்பி லேப்டாப்ல ஒரு காப்பி இருக்குது மேடம். இங்க நெட்டு சுத்திக்கினே இருக்குது, அனுப்ப முடியாது. நானே எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

நான் மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கீழே வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். செக்யூரிட்டி அவரை மறித்து நின்றிருந்தார். "நேத்தோட உன்ன நிறுத்திட்டாங்களாமே. உள்ள விட வேணாம்னு சொல்லிக்கிறாங்கமா, நான் என்னா பண்ண?" என்று சங்கடத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

அவர் வெயிலில் நின்றபடியே பென்டிரைவை என்னிடம் நீட்டினார். "இதுல எல்லாம் இருக்குது. நீங்க போங்க மேடம், நேரமாவுது."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க வேலை கெட்டா என் வேலை திரும்பி வந்துடுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

என் பொறுப்பு என்று செக்யூரிட்டியிடம் சொல்லி, அவரை மேலே அழைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏற்ற ஏற்ற அவர் சரிபார்த்தார். கீழே பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது திரையில் முதல் வரைபடம் வந்தது. மேனேஜர்கள் முன்னால், இதில் பாதி வேலை யாருடையது என்பதையும், இன்று அவர் வந்ததால்தான் இது ஓடுகிறது என்பதையும் சொன்னேன். முதலாளி அவரைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். சாயங்காலம் கூப்பிட்டு, ஒரு கிளையில் பில் போடும் இடம் தருவதாகச் சொன்னாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் வந்துவிட்டார்.

பஸ் நிலையத்தில் கொண்டுவிட்டபோது, "அந்த சாஃப்ட்வேர எப்டி போடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டார்.

பில் போடும் வேலைக்கு அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தார். நான் நின்ற இடங்களிலெல்லாம் அவரும் நின்றார். மெமரி போதவில்லை, வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்று அதே தகராறுகள். இன்று வாலாஜாபாத் பக்கம் ஓர் அரிசி மண்டிக்கு அதே மென்பொருளை அவரே நிறுவி, அவரே பார்த்துக்கொள்கிறார். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார். சில நாள் நானும் அவரைக் கூப்பிடுகிறேன்.

அன்று அவர் பஸ் ஏறாமலே இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். அதன்பிறகு எந்த நிறுவனத்தில் இந்த வேலையை எடுத்தாலும், சர்வர் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், இதை இதுவரை கையால் செய்துவந்தவர் யார், நாளைக்கு அவருக்கு என்ன வேலை என்று கேட்டுவிடுகிறேன்.