மெஷினில் தேறாத பால்

என் கணவருக்கு மஞ்சூர்ப் பக்கம் பால் சொசைட்டியில் வேலை. ஊற்ற வருபவர்களின் பாலை மெஷினில் விட்டுப் பார்த்து, கொழுப்பு குறைந்தால் "தண்ணி கலந்திருக்குங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

எங்கள் மகன் எடை குறைவாகப் பிறந்தான். வாரங்கள் போயும் எடை ஏறவில்லை. என் பால் போதவில்லையோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மார்பு கனத்தால், குழந்தை வாய் வைக்கும் முன் கொஞ்சம் கிண்ணத்தில் பீய்ச்சிவிடுவேன். ஒருநாள் அதை எடுத்துப்போய் அந்த மனுஷன் மெஷினில் விட்டுப் பார்த்திருக்கிறார்!

"கொழுப்பே காட்டலை. வர்ற வழியில பவுடர் பால் வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

"மாட்டுப்பால் மெஷின்ல என் பாலை ஊத்திப் பாத்தீங்களாக்கும்? கொழுப்பு யாருக்குன்னு நல்லாத் தெரியுதுங்க."

திட்டினேனே தவிர, அவர் சொன்னதை நம்பவும் செய்தேன். அந்தப் பால் நீலம் பாரித்துத் தண்ணீராகத்தான் இருந்தது. டப்பாவைத் திறக்கவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

மறுநாள் ஊட்டிக்கு பஸ் ஏறினோம். மெஷின் கதையைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"முதல்ல வர்றது தண்ணியாத்தான் இருக்கும். குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு ஏறும். பாதியிலயே பக்கம் மாத்திடறீங்களா?"

"ஆமாங்க. ஒரு பக்கம் பத்தாதோன்னு பயமுங்க."

"அவனா விடற வரைக்கும் குடிக்கட்டும்."

பாலில் இருக்கும் சில சர்க்கரைகள் குழந்தைக்கே செரிக்காதாம். அவன் குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்குத்தான் அவை சாப்பாடாம். இன்னும் என்னென்னவோ இருக்கிறது, எல்லாம் எதற்கென்று யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றார். மாட்டுப்பாலுக்கு ஊர் ஊராக மெஷின் வைத்தவர்கள் தாய்ப்பாலை ஆராய்வதை மட்டும் ஏன் பாதியில் விட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த முறை போனபோது எடை ஏறியிருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

"கொழுப்பாலதானுங்களே ஏறுச்சு?" என்று இவர் கேட்டார்.

"இருக்கலாம். எங்களுக்குத் தெரியாத வேற எதாலயும் இருக்கலாம்."

இவருக்குத் திருப்தி இல்லை, மறுபடி ஆரம்பித்தார். மடியில் இருந்தவன் என் சேலையை முகத்தால் முட்டித் தேடினான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை அவன் காத்திருக்கவில்லை.