சூடாகும் லேப்டாப்பும் பதினைந்து வேலை நாட்களும்

உத்தரவாத விதிமுறைகள், பிரிவு ஏழு, உட்பிரிவு இரண்டு: ‘வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான புகார் கிடைத்த பதினைந்து வேலை நாட்களுக்குள் நிறுவனம் எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்கும்.’

நல்ல விதி. எழுதியவர் கைதேர்ந்தவர் என்று படித்ததுமே தெரிந்தது. ‘பதிலளிக்கும்’ என்றுதான் இருக்கிறது. ‘சரிசெய்யும்’ என்று இல்லை, கவனித்தீர்களா?

முப்பத்திரண்டு வருடம் அரசுக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். சிலருக்கு அலுத்தும் போயிருக்கும். புதிதாக ஒரு பொருள் வாங்கினால் மற்றவர்கள் பொருளைப் பார்ப்பார்கள். நான் கூடவே வரும் பொடி எழுத்துப் புத்தகத்தைப் பார்ப்பேன். மார்ச் மாதம் லேப்டாப் வாங்கியபோதும் அப்படித்தான்.

லேப்டாப் எனக்கில்லை. என் மனைவி சுகந்திக்கு.

சுகந்தி எழும்பூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து கிளம்பி, குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, இருபத்தேழு வருடம் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே போய் வந்தாள். ஓய்வு பெற்றதும் என்ன செய்ய வேண்டும்? உட்கார வேண்டும். இவள் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். தலைப்பு — பெண்கள் பெட்டியில் பேசப்படும் தமிழ்.

அதற்காகவே மறுபடியும் ரயிலில் போனாள். சம்மதம் கேட்டுக்கொண்டு, பெண்கள் பேசுவதை செல்போனில் மணிக்கணக்கில் பதிவு செய்தாள். பூண்டு உரித்துக்கொண்டே பேசுகிறவர்கள், மாமியாரைத் திட்டுகிறவர்கள், தூங்கிக்கொண்டே பதில் சொல்கிறவர்கள்... எல்லாவற்றையும் கேட்டு, நிறுத்தி, எழுத்தில் இறக்க வேண்டும். அதற்குத்தான் லேப்டாப். பழைய கம்ப்யூட்டர் அதற்கு முந்தைய மழையில் உயிரை விட்டிருந்தது.

ஆறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு நீட்டிப்புகள் தீர்ந்து, மூன்றாவதும் கடைசியுமான நீட்டிப்பில் இருந்தாள். ஜூன் 30-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பும் பரணுக்குப் போகும்.

லேப்டாப் வந்த அன்றே சுகந்தி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, அடியில ஏதோ கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டியிருக்கு. உரிச்சுடட்டுமா?”

தொடாதே என்றேன். பிரிவு நான்கைப் படித்துக் காட்டினேன். ‘பொருளின் மீது ஒட்டப்பட்டுள்ள ஸ்டிக்கர் எதையும் அகற்றினாலோ சிதைத்தாலோ உத்தரவாதம் செல்லாது.’ வரிசை எண் அச்சிட்ட வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒன்று பாதி அந்தத் தாளின் மேலும் பாதி லேப்டாப்பின் மேலும் ஒட்டியிருந்தது. தாளை உரித்தால் ஸ்டிக்கர் கிழியும். கிழிந்தால் உத்தரவாதம் போகும். இதில் வாதத்துக்கு இடமேது?

எங்கள் வீட்டு டிவி ரிமோட் ஒன்பது வருடமாக அதன் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் தாளின் ஒரு மூலை லேசாகச் சுருண்டது. செலோடேப் வைத்து ஒட்டினேன். நேர்த்தியாகவே ஒட்டினேன்.

பிரச்சினை ஏப்ரலில் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடினால் அடிப்பகுதி தோசைக்கல்லாகக் கொதிக்கும். உள்ளே இருக்கும் விசிறி போடும் சத்தத்தைக் கேட்டு, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்புகிறதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வந்து வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லாம் அடங்கும். திரை அப்படியே நிற்கும். அம்புக்குறி அசையாது. அதுவரை அடித்து, சேமிக்காமல் விட்டதெல்லாம் போயிற்று.

குறிப்பாக ஒரு இடம். பெண்கள் பெட்டி வாசலில் ஏறி நின்றுகொண்ட ஒரு ஆளைப் பற்றி ஒருத்தி சொல்லிக்கொண்டு வருகிறாள். இன்னொருத்தி கேட்கிறாள்: “அப்பால நீ இன்னாக்கா சொன்ன அவன்கிட்ட?”

அவ்வளவுதான். திரை உறைந்துவிடும். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அதே இடத்தில். தற்செயல்தான். ஆனால் மூன்றாம் தடவை சுகந்தி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு இடத்தில் போய்ச் செய்யலாமே என்று கேட்பீர்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊர்ப் பெண்கள் பேசியதை ஓடவிட முடியுமா? வெளியார் யாரையும் கேட்கவிட மாட்டேன் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். வாக்கு வாக்குதானே.

ஆகவே நடவடிக்கை எடுத்தேன்.

முதலில் தொலைபேசி. எடுத்த பெண், ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று கேட்டார். செய்தேன் என்றேன். இன்னொரு முறை செய்யச் சொன்னார். அப்டேட் செய்யச் சொன்னார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொன்னார். சுகந்தி பதிவுகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அழித்தாள், புதிதாகப் போட்டாள். இரண்டு நாள் போனது. பத்தாவது நிமிடத்தில் தோசைக்கல்.

அடுத்து ஒரு இளைஞர் எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு எங்கள் லேப்டாப்பை இயக்கினார். அம்புக்குறி தானாக ஓடுவதைப் பார்க்கக் கொஞ்சம் நம்பிக்கையாகக்கூட இருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் அவரும் சேர்ந்து உறைந்தார். மாலையில் மெசேஜ் வந்தது: ‘வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லாததால் புகார் முடிக்கப்பட்டது.’

பிறகு தாம்பரத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டர். வெறுங்கையோடு போவேனா? பில் நகல், உத்தரவாத அட்டை நகல், எந்தெந்த நாளில் எத்தனையாவது நிமிடத்தில் நின்றது என்ற அட்டவணை. வரிசை எண்ணைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து மேலே வைத்திருந்தேன். இயந்திரத்தைப் புரட்டிப் பார்க்கும் சிரமம்கூட அவர்களுக்கு இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அவர்களும் புரட்டிப் பார்க்கவில்லை.

அறை முழுக்க ஏசி. வெளியே அக்னி நட்சத்திரத்துக்கு முந்தைய வெயில்; உள்ளே சுகந்தி சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டாள். லேப்டாப் எட்டு நிமிடம் சமத்தாக ஓடியது. “நல்லாத்தானே சார் ஓடுது?” என்றார் இன்ஜினியர். பத்து நிமிடம் பொறுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் இருபது டோக்கன் இருப்பதைக் காட்டினார். ‘குறை எதுவும் இல்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இனி எழுத்துதான். ஏப்ரல் கடைசியில் இரண்டரைப் பக்கம், ஆறு இணைப்புகள், ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபால் என்று ஒன்று இருந்தது. அதையும் இதிலேயே சேர்த்துவிட்டார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை.

காலண்டரில் வேலை நாட்களைச் சுழித்துக்கொண்டு வந்தேன். மே தினம் கணக்கில் வராது. ஞாயிறு வராது. சனி? விதியில் தெளிவில்லை, நிறுவனத்துக்குச் சாதகமாகவே விட்டுக்கொடுத்தேன். அப்படியும் மே மூன்றாம் வாரத்தில் பதினைந்து முடிந்தது. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன். பிறகு நினைவூட்டு இரண்டு.

சுகந்தி தன் வழியில் போராடிக்கொண்டிருந்தாள். இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தாள். ஓட்டை வழியாகக் காற்று போகுமாம். டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்பினாள். ஏழு நிமிடம் வேலை, அரை மணி ஓய்வு. மே மாதம் முழுவதும் எழுதியும் ஒரு இயல்கூட முடியவில்லை. இன்னும் இரண்டு இயல்கள் பாக்கி.

ஒரு நாள் அந்தத் தாளை மட்டுமாவது எடுத்துப் பார்ப்போமா என்று மறுபடி கேட்டாள். பதில் வரும்வரை எதையும் தொடக் கூடாது, ஆதாரம் கெட்டுவிடும் என்றேன்.

சத்தம் போடாமல் கேட்டாள்: “ஏங்க... உங்களுக்கு இது சரியாகணுமா, இல்ல தப்பு அவங்களோடதுன்னு அவங்க எழுதித் தரணுமா?”

நியாயமான கேள்வி. நான் காலண்டரை எடுத்து வேலை நாட்களை மறுபடி எண்ணினேன்.

ஜூன் இரண்டாவது வாரம் மெஹருன்னிசா வந்தார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் அவரும் கணவருமாகச் சுடிதார் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் சரக்கு எடுக்க பீச் ஸ்டேஷன் வரை போகிறவர். சுகந்திக்கு ரயில் சிநேகிதி. அதுவரை வாய்ச் சம்மதம்தான் வாங்கியிருந்தாள். ஆய்வேட்டோடு வைக்கக் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டுமாம். அதற்காக வந்தார். சேமியா பாயசம் ஒரு டிபன் கேரியரில் வந்தது.

கையெழுத்துப் போட்டதும், “டீச்சர், என் குரல் எப்பிடி கீதுன்னு ஒரு வாட்டி போடேன், கேக்கலாம்,” என்றார்.

சுகந்தி தயங்கிக்கொண்டே போட்டாள். வாசலை மறித்து நின்றவன் கதை அவருடையதுதான். குரல் கணீரென்று வந்தது. மெஹருன்னிசா தன் குரலுக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்தார். விசிறி உறுமத் தொடங்கியது. “அப்பால நீ இன்னாக்கா சொன்ன அவன்கிட்ட?”

நின்றது.

நாலாவது தடவை. சுகந்தி அவர் பக்கம் திரும்பி, அன்னிக்கு நீ என்ன சொன்ன மெஹர், எனக்கு அதுவாவது தெரியணும் என்றாள்.

“எனுக்கு இன்னா நாபகம் கீது டீச்சர்? தெனம் ஒருத்தன் வந்து நிப்பான், தெனம் ஒண்ணு சொல்லுவேன்.”

சொல்லிக்கொண்டே லேப்டாப்பின் மேல் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்த நொடி, மீன் செவுளைப் பார்ப்பவர் மாதிரி அதைப் பிடித்துக் கவிழ்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் விரல் நகம் அந்த மூலைக்குப் போய்விட்டது. ஒரே இழுப்பு. தாள், வெள்ளி ஸ்டிக்கரில் பாதி, என் செலோடேப் — எல்லாம் சேர்ந்து கையோடு வந்தன. அடியில் வரிசை வரிசையாகக் காற்று போகும் துளைகள். மூன்று மாதமாக மூச்சுவிடாமல் இருந்த துளைகள்.

“இன்னா சார் இது? தோலு உரிக்காமலே வாழப்பழம் துன்றீங்க?” என்றார். பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “மேல செலோடேப் வேற போட்டுக்கீது. இது யாரு வேல?”

சுகந்தி மின்விசிறியைப் பார்த்தாள்.

கம்பெனியிலேயே ஒட்டியதாக இருக்கும் என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் கோப்பில் ஒரு பொய் எழுதியதில்லை. இது வாய்மொழிதான்.

ஆறவிட்டு மறுபடி போட்டாள். பத்து நிமிடம். பன்னிரண்டு. விசிறிச் சத்தமே இல்லை. அந்தக் கேள்வி வந்தது. தொடர்ந்து, ரயில் சத்தத்துக்கு மேலே, மெஹருன்னிசாவின் பதிலும் வந்தது.

“இன்னா சொல்றது? வயிய அடைச்சுகினு நிக்காதய்யா, கொஞ்சம் காத்து வரட்டும், தள்ளுன்னேன்.”

மெஹருன்னிசா விழுந்து விழுந்து சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை. அந்த இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டு, என்னைப் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

பதினெட்டு நாள் பாக்கி இருந்தது. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டாள். சமையல் என் பொறுப்பு. அதைப் பற்றிப் புகார்கள் இருந்தன. எழுத்துப்பூர்வமாக எதுவும் வரவில்லை. லேப்டாப் ஒரு முறைகூட நிற்கவில்லை. உத்தரவாதம் போயிற்றா என்று நானும் யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 30. பைண்டு செய்த பிரதிகளைச் சுமந்துகொண்டு குரோம்பேட்டையில் ரயில் ஏறினோம். அவள் பெண்கள் பெட்டியில். நான் அடுத்த பெட்டியில், மடியில் அவளுடைய ஆறு வருடத்தோடு. பல்கலைக்கழகத்தில் பிரிவு எழுத்தர் பக்கங்களை எண்ணி, கடிகாரத்தைப் பார்த்து, ரசீதில் முத்திரை குத்தும்போது மணி நாலேகால். சுகந்தி அந்த ரசீதை மடிக்கக்கூட இல்லை. மை காயட்டும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நிறுவனமும் பதில் எழுதியது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒற்றைத் தாள். அதில் அச்சாகியிருந்த தேதி, என் சுழிப்புகளின்படி சரியாகப் பதினான்காவது வேலை நாள். ஆக, விதி மீறப்படவில்லை. தேதியை முன்னால் போட்டுவிட்டுக் கடிதத்தைப் பின்னால் அனுப்பும் வித்தை எனக்குத் தெரியாதா என்ன? எத்தனை பேருக்கு நானே அனுப்பியிருக்கிறேன்.

விஷயம் மூன்றே வரி. ‘பயன்படுத்துவதற்கு முன் அடிப்பகுதியில் உள்ள பாதுகாப்புத் தாளை நீக்கிவிடவும். அப்போது வரிசை எண் ஸ்டிக்கர் கிழிந்தாலும் பிரிவு நான்கு பொருந்தாது என்பதால் கவலை வேண்டாம். பார்க்க: பயனர் கையேடு, பக்கம் இரண்டு.’

அந்தக் கையேட்டைத் தேடி எடுத்தேன். பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பதற்கு முன், பழக்க தோஷத்தில், மேல் ஓரத்தில் பேனாவால் குறித்தேன்.

பெறப்பட்ட நாள்: ஜூலை 1.